ஒரே குதிரைத்திறன், வேறு வேறு வேகம்: டீசல் லோகோவின் இழுவையைத் தீர்மானிப்பது எது?

வாரணாசி தொழிற்சாலையில் தயாரான இரண்டு வகை டீசல் லோகோக்கள். இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்து 16 சிலிண்டர் டீசல் என்ஜின். இரண்டுக்கும் 3,100 குதிரைத்திறன். ஆனால் ஒன்று மணிக்கு 120 கி.மீ. வரை ஓடும், இன்னொன்றுக்கு 100 கி.மீ.தான் எல்லை. அப்போ இரண்டாவது மட்டமான லோகோவா? அப்படி இல்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முதல் லோகோவைவிட கிட்டத்தட்ட கால் பங்கு அதிகமாக இழுப்பது அதுதான்.

குதிரைத்திறன் கூடினால் வேகமும் கூடும், இழுவையும் கூடும் என்றுதான் பொதுவாக நினைப்போம். ரயிலைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. மீதிப் பாதி லோகோவின் எடையிலும், சக்கரத்துக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இரண்டு பல்சக்கரங்களிலும் இருக்கிறது. இந்தக் கணக்கு தப்பினால் 4,000 டன் சரக்கு ரயில் ஏற்றத்தின் நடுவே நின்றுபோகும். பின்னால் வரும் அத்தனை ரயில்களும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

பெயரிலேயே இருக்கும் விவரம்

மேலே சொன்ன இரண்டு லோகோக்களின் பெயர் டபிள்யூடிஎம்-3ஏ, டபிள்யூடிஜி-3ஏ. முதல் எழுத்தான 'டபிள்யூ' அகல ரயில் பாதையைக் குறிக்கும். 'டி' என்றால் டீசல். மூன்றாவது எழுத்து வேலையைச் சொல்லும். 'பி' பயணிகள் ரயிலுக்கு, 'ஜி' சரக்கு ரயிலுக்கு, 'எம்' இரண்டுக்கும் பொது. கடைசியில் வரும் 3ஏ என்பது குதிரைத்திறன்: 3 என்றால் 3,000, ஏ என்றால் கூடுதலாக 100.

வரலாறு சின்னதுதான். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து 1962-இல் 2,600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூடிஎம்-2 லோகோக்கள் வந்தன. 1964 முதல் அவை வாரணாசியிலேயே தயாராகின. அந்த என்ஜினை மேம்படுத்தி 3,100 குதிரைத்திறனுக்குக் கொண்டுவந்ததுதான் இந்த இரண்டு வகையும். திருச்சி பொன்மலை டீசல் ஷெட்டில் இரண்டுமே பராமரிக்கப்பட்டன. இனி சுருக்கமாக 'எம்', 'ஜி' என்றே சொல்லலாம்.

ரயில் ஓட ஓட கியர் மாற்றுவார்களா?

இல்லை. லாரியில் இருப்பதுபோல டீசல் என்ஜின் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. டீசல் என்ஜின் ஒரு ஆல்டர்னேட்டரைச் சுற்றும். அதில் உற்பத்தியாகும் மின்சாரம், அச்சுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் டிராக்‌ஷன் மோட்டார்களுக்குப் போகும். மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஒருவகையில் பார்த்தால், டீசல் லோகோ என்பது மின் நிலையத்தைத் தன் முதுகிலேயே சுமந்துபோகும் மின்சார லோகோ.

லோகோ பைலட் கையில் இருக்கும் கைப்பிடிக்கு எட்டு 'நாட்ச்' உண்டு. அது கியர் அல்ல. டீசல் என்ஜின் எவ்வளவு சக்தி கொடுக்க வேண்டும் என்று சொல்லும் எட்டு படிகள், அவ்வளவுதான்.

உண்மையான கியர் கீழே இருக்கிறது. மோட்டாரின் தண்டில் ஒரு சின்ன பல்சக்கரம். அச்சில் ஒரு பெரிய பல்சக்கரம். 'எம்' லோகோவில் சின்னதுக்கு 18 பல், பெரியதுக்கு 65 பல். சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் 3.61 சுற்று சுற்ற வேண்டும். 'ஜி' லோகோவில் சின்னது அதே 18, பெரியது 74. அங்கே மோட்டார் 4.11 சுற்று சுற்ற வேண்டும். தொழிற்சாலையில் ஒருமுறை பொருத்தினால் அதுதான் அந்த லோகோவின் கியர். ஓடும்போது மாற்ற வழியே கிடையாது.

குதிரைத்திறன் எதைச் சொல்கிறது?

இழுவிசையை வேகத்தால் பெருக்கினால் வருவது சக்தி. குதிரைத்திறன் என்பது இந்தப் பெருக்கல் தொகைக்கு ஒரு உச்சவரம்பு. வேகம் கூடினால் இழுவை குறைய வேண்டும். இழுவை கூட வேண்டுமென்றால் வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் கிடைக்காது.

3,100 குதிரைத்திறன் என்பது சுமார் 2,300 கிலோவாட். ஆல்டர்னேட்டர், மோட்டார், காற்றாடிகள் எல்லாம் எடுத்துக்கொண்டது போக, தண்டவாளத்துக்கு வந்து சேர்வது சுமார் 2,000 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளலாம். இழுவையை ரயில்வே வழக்கப்படி டன் கணக்கில் சொன்னால், முழு சக்தியில் கிடைப்பது தோராயமாக இவ்வளவு:

மணிக்கு 36 கி.மீ. வேகத்தில்: 20 டன்
மணிக்கு 72 கி.மீ. வேகத்தில்: 10 டன்
மணிக்கு 108 கி.மீ. வேகத்தில்: 7 டன்னுக்கும் குறைவு

இந்தக் கணக்கில் கியரே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நடு வேகத்தில் 'எம்', 'ஜி' இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இழுக்கும். பல்சக்கரம் புதிதாகச் சக்தியை உண்டாக்காது. இருக்கிற சக்தியை எந்த வடிவில் கொடுப்பது என்பதை மட்டும்தான் அது முடிவு செய்யும்.

45 குதிரைத்திறன் டிராக்டர் சேற்று வயலில் கலப்பையை இழுத்துக்கொண்டு போகிறது. 80 குதிரைத்திறன் காரில் அதே கலப்பையைக் கட்டினால் கார் நகராது. ஆனால் நெடுஞ்சாலையில் அந்தக் காரைப் பிடிக்க டிராக்டரால் முடியுமா? இரண்டும் வேறு வேறு வேலைக்குப் பிறந்தவை.

கிளம்பும்போது எடைதான் ராஜா

மேலே உள்ள கணக்கை இன்னும் கீழே கொண்டுபோனால் ஒரு வேடிக்கை வரும். மணிக்கு 3.6 கி.மீ. வேகத்தில் 200 டன் இழுவை கிடைக்க வேண்டும்! நடைமுறையில் அப்படிக் கிடைக்காது. அதற்கு வெகுமுன்பே சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கிவிடும்.

ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று தேர் வடம் பிடிப்பதைப் போலத்தான் இது. கையில் எவ்வளவு பலம் இருந்தாலும், கால் வழுக்கினால் தேர் அசையாது. இரும்புச் சக்கரமும் இரும்புத் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒரு நாணயம் அளவுதான். அந்த இடத்தில் கிடைக்கும் பிடிமானம், சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது.

'எம்' லோகோவின் எடை 112.8 டன். கிளம்பும்போது அதன் அதிகபட்ச இழுவை சுமார் 30 டன். அதாவது எடையில் 27 சதவீதம். 'ஜி' லோகோ 123 டன். அதன் இழுவை சுமார் 38 டன். எடையில் ஏறக்குறைய 31 சதவீதம். எடையைக் கூட்டியதோடு, சக்கரங்கள் பொருத்தப்பட்ட போகியின் வடிவமைப்பையும் மாற்றினார்கள். லோகோ இழுக்கும்போது போகியின் முன்பக்கம் லேசாகத் தூக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த அச்சின் மேல் எடை குறையும். அது முதலில் வழுக்கும். மூன்று மோட்டார்களையும் ஒரே பக்கம் பார்த்த மாதிரி வைத்து, எடை பரவலாக விழும்படி 'ஜி' லோகோவின் போகியை அமைத்தார்கள்.

மழை தூறினால் இந்தச் சதவீதம் இன்னும் இறங்கும். அதனால்தான் லோகோக்களில் மணல் பெட்டி இருக்கிறது. வழுக்க ஆரம்பித்தால் சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் மணல் தூவப்படும். நூற்றாண்டு கடந்த உத்தி. இன்னும் இதற்கு மாற்று வரவில்லை.

அப்போ கியர் எதற்கு?

இரண்டு எல்லைகளைப் பார்க்க வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று.

மேல் எல்லை மோட்டாரின் சுழற்சி வேகம். புதுச் சக்கரத்தின் விட்டம் 1,092 மி.மீ. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 583 முறை சுற்றும். 'எம்' லோகோவில் மோட்டார் அப்போது 2,100 முறை சுற்றுகிறது. 'ஜி' லோகோ 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் மோட்டார் சுமார் 2,000 முறை சுற்றுகிறது. ஆக, இரண்டு மோட்டாரும் கிட்டத்தட்ட ஒரே சுழற்சியில்தான் தங்கள் உச்சத்தைத் தொடுகின்றன. 'ஜி' லோகோவை 120-க்கு விரட்டினால் மோட்டார் 2,400-ஐ நெருங்கும். அந்த வேகத்தில், சுழலும் பகுதியில் சுற்றியிருக்கும் செப்புக் கம்பிகள் வெளிப்பக்கம் பிதுங்கி மோட்டாரே சிதைந்துபோகும் ஆபத்து உண்டு. 100 கி.மீ. என்ற எல்லை, சக்தி போதாததால் வந்தது அல்ல. மோட்டாரைக் காப்பாற்ற வைத்தது.

கீழ் எல்லை வெப்பம். மெதுவாகப் போகும்போது பெரிய இழுவை வேண்டுமென்றால் மோட்டாருக்குள் பெரிய மின்னோட்டம் பாய வேண்டும். ஒரே இழுவையைக் கொடுக்க, 'ஜி' மோட்டாரைவிட 'எம்' மோட்டார் சுமார் 14 சதவீதம் அதிகமாக முறுக்க வேண்டும், 4.11-க்கும் 3.61-க்கும் உள்ள வித்தியாசம் அதுதான். மின்னோட்டமும் அதே அளவு கூடினால் கம்பிகளில் உண்டாகும் வெப்பம் 30 சதவீதம் கூடும், ஏனென்றால் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும்.

சில நிமிடம் தாங்கும். அரை மணி நேரம் அப்படியே போனால் மோட்டாரின் காப்புப் பூச்சு கருகும். கேபினில் இருக்கும் ஆம்ப் மீட்டரில் லோகோ பைலட் ஒரு கண் வைத்திருப்பது இதற்காகத்தான். பெரிய பல்சக்கரம் என்பது ஏற்றத்தில் மோட்டார் கருகாமல் இருக்கக் கொடுத்த பாதுகாப்பு. அதற்கான விலை, உச்ச வேகத்தில் 20 கி.மீ.

ஏற்றத்தில் நிற்கும் ரயில்

இப்போது ஒரு கணக்கு. 4,000 டன் சரக்கு ரயில். சமதளத்தில் மெதுவாக உருள ஒரு டன்னுக்குச் சுமார் 2 கிலோ இழுவை போதும். மொத்தம் 8 டன். 'எம்' லோகோவே தாராளமாக இழுத்துவிடும்.

வழியில் 150-க்கு 1 ஏற்றம் வருகிறது. 150 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம். கண்ணால் பார்த்தால் ஏற்றம் என்றே தெரியாது. சைக்கிளில் போனால்கூட பெரிதாகத் தெரியாது. ஆனால் 4,000 டன்னை 150-ஆல் வகுத்தால் 26.7 டன். முன்பு இருந்த 8 டன்னோடு சேர்த்தால் ஏறக்குறைய 35 டன். லோகோ தன்னையும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அதற்கு இன்னொரு டன்.

'ஜி' லோகோவின் எல்லை 38 டன். முக்கி முனகி ஏறிவிடும். 'எம்' லோகோவின் எல்லை 30. அதே 3,100 குதிரைத்திறன் இருந்தும் ரயில் வேகம் குறைந்துகொண்டே வந்து, சக்கரம் வழுக்கி, நின்றுபோகும். நின்ற பிறகு ஏற்றத்தில் திரும்பக் கிளப்புவது இன்னும் கஷ்டம், ஏனென்றால் நிற்கும் வண்டியை அசைக்க, உருளும் வண்டியைவிட அதிக விசை வேண்டும். இன்னொரு லோகோ வந்து தள்ள வேண்டும், அல்லது ரயிலைப் பாதியாகப் பிரித்துக் கொண்டுபோக வேண்டும். ஒற்றைப் பாதையாக இருந்தால் அதுவரை இரண்டு பக்கமும் போக்குவரத்து முடங்கும்.

ஆகவே எந்த லோகோ எத்தனை டன் இழுக்கலாம் என்பது அந்தப் பாதையின் மிகக் கடினமான ஏற்றத்தை வைத்தே முடிவாகிறது. 200 கி.மீ. பாதையில் 2 கி.மீ. மட்டும் ஏற்றமாக இருந்தாலும், அந்த 2 கி.மீ.தான் சுமையைத் தீர்மானிக்கும்.

4,000 குதிரைத்திறன் வந்த பிறகு

1990-களின் கடைசியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தொழில்நுட்பத்தில் டபிள்யூடிஜி-4 வந்தது. 4,000 குதிரைத்திறன். 'ஜி' 3ஏ-வைவிட 30 சதவீதம்தான் அதிகம். ஆனால் கிளம்பும் இழுவை 38 டன்னிலிருந்து சுமார் 55 டன்னாகத் தாவியது. எடை 126 டன்தான். இது எப்படி முடிந்தது?

குதிரைத்திறனால் அல்ல, ஏசி மோட்டாரால். சக்கரம் வழுக்கத் தொடங்கும் நொடியிலேயே கணினி கண்டுபிடித்து, மோட்டாரின் முறுக்கைத் துளி குறைத்து, பிடிமானத்தின் விளிம்பிலேயே சக்கரத்தை ஓட்டுகிறது. எடையில் 31 சதவீதமாக இருந்த இழுவை 43 சதவீதத்துக்கு மேல் போனது இப்படித்தான். அதன் பல்சக்கரங்கள் 90-க்கு 17.

இதே குடும்பத்தில் பயணிகள் ரயிலுக்காக வந்தது டபிள்யூடிபி-4. அதே 4,000 குதிரைத்திறன். பல்சக்கரங்கள் 77-க்கு 17. வேகம் மணிக்கு 160 கி.மீ. வரை. எடையையும் செலவையும் குறைக்க ஆறு அச்சுகளில் நான்குக்கு மட்டும் மோட்டார் வைத்தார்கள். கிளம்பும் இழுவை சுமார் 27.5 டன், சரக்கு லோகோவில் சரி பாதி. 100 கி.மீ. வேகத்தில் இரண்டும் சமமாக இழுக்கும். நிலையத்திலிருந்து 24 பெட்டிகளோடு கிளம்பும்போதுதான் வித்தியாசம் தெரியும். மோட்டார் இல்லாத இரண்டு அச்சுகளின் மேல் விழும் எடை இழுவைக்கு உதவாத வெறும் சுமை. அடுத்து வந்த டபிள்யூடிபி-4பி வகையில் ஆறு அச்சுக்கும் மோட்டார் வந்துவிட்டது.

மலையில் என்ன செய்கிறார்கள்?

கோவா, கர்நாடக எல்லையில் குலேம், காசில் ராக் நிலையங்களுக்கு இடையே பிரகன்சா மலைப்பாதை இருக்கிறது. தூத்சாகர் அருவியை ஒட்டிப் போகும் பாதை. அங்கே ஏற்றம் 37-க்கு 1. மர்மகோவா துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி, கர்நாடகத்தின் உருக்காலைகளுக்கு இந்த வழியாகத்தான் ஏற வேண்டும்.

அதே 4,000 டன் கணக்கைப் போட்டால், ஏற்றத்துக்கு மட்டும் 108 டன் இழுவை வேண்டும். இரண்டு டபிள்யூடிஜி-4 சேர்ந்தால் 110 டன். உருள்வதற்கான 8 டன்னையும் லோகோக்களின் சொந்த எடையையும் சேர்த்தால் பற்றாது. குறைந்தது மூன்று வேண்டும். மழைக்காலத்துக்குக் கையிருப்பும் வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் முன்னாலேயே கட்டிவிடலாமா? கூடாது. அத்தனை லோகோவும் முன்னாலிருந்து இழுத்தால் முதல் பெட்டியின் கப்ளிங் தாங்காது, பிய்ந்துவிடும். அதனால் சில லோகோக்கள் முன்னால் இழுக்க, மற்றவை கடைசியில் நின்று தள்ளும். தள்ளும் லோகோவுக்கு ரயில்வே வழக்கில் 'பேங்கர்' என்று பெயர்.

மின்சார லோகோவிலும் இதே கதைதான்

அகல ரயில் பாதைகள் பெரும்பாலும் மின்மயமாகிவிட்டதால் டீசல் லோகோக்களின் வேலை சுருங்கிவிட்டது. ஆனால் பல்சக்கரக் கணக்கு மாறவில்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான எக்ஸ்பிரஸ் ரயில்களை இப்போது இழுப்பது டபிள்யூஏபி-7. ராயபுரம், ஈரோடு ஷெட்களில் இந்த வகை லோகோக்கள் இருக்கின்றன. சரக்கு லோகோவான டபிள்யூஏஜி-9-ஐ எடுத்து, முக்கியமாகப் பல்சக்கரத்தை மாற்றி உருவாக்கியதுதான் அது. சக்தியும் எடையும் ஏறக்குறைய ஒன்றே.

சரக்கு லோகோவில் பல்சக்கரங்கள் 77-க்கு 15, விகிதம் 5.13. பயணிகள் லோகோவில் 72-க்கு 20, விகிதம் 3.6. முன்னது பின்னதைவிட 43 சதவீதம் அதிகம். கிளம்பும் இழுவை? சரக்கு லோகோவுக்கு சுமார் 47 டன், பயணிகள் லோகோவுக்கு சுமார் 33 டன். அங்கேயும் அதே 43 சதவீதம்தான். வேகமோ தலைகீழ்: சரக்கு லோகோ 100 கி.மீ., பயணிகள் லோகோ 140 கி.மீ.

அடுத்த முறை நடைமேடையில் லோகோ வந்து நின்றால் அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்துகளைப் பார்க்கலாம். மூன்றாவது எழுத்து 'பி' என்றால் சின்ன விகிதம், வேகத்துக்கு. 'ஜி' என்றால் பெரிய விகிதம், சுமைக்கு. 'ஜி' லோகோ மாட்டிய எக்ஸ்பிரஸ் அருமையாகக் கிளம்பும், ஆனால் 100 கி.மீ.க்கு மேல் போகாமல் தாமதமாகப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. அப்போது குறைச்சல் குதிரைத்திறனில் அல்ல, பல்சக்கரத்தில் இருக்கிறது.